ஜாவா என்டிட்டி மேப்பிங் பிழைகள்: 1997 முதல் இன்று வரை

ஜாவாவில் ஒரு கிளாஸை எழுதி, அதைத் தரவுத்தளத்தின் டேபிளோடு இணைத்து, சர்வரைத் தொடங்கியதும் வந்து நிற்கும் பிழைச் செய்திகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்த என்டிட்டி எனக்குத் தெரியாது, இந்த நெடுவரிசை இரண்டு முறை வருகிறது, இந்த லிஸ்ட் என்ன வகை என்று கண்டறிய முடியவில்லை என்றெல்லாம் திரையில் வரும். பெரும்பாலான நிரலாளர்கள் அந்த வரியைத் தேடுபொறியில் இட்டு, கிடைத்த தீர்வை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். தீர்வு பலிக்கிறது, ஏன் பலித்தது என்பது தெரியாமலே போகிறது.

அந்தக் காரணத்தை இக்கட்டுரை வரலாற்றில் தேடுகிறது. மேப்பிங் தகவலை எங்கே எழுதுவது, அதை எந்த மென்பொருள் எந்த நேரத்தில் படிப்பது என்ற ஏற்பாடு கால் நூற்றாண்டுக்குள் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒருவகைப் பிழையை ஒழித்தது. அதே கையோடு, முன்பு இல்லாத இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. கண்ணெதிரே இருக்கும் செய்தி எந்த ஏற்பாட்டின் எச்சம் என்று தெரிந்தவர் பாதி வழி கடந்துவிட்டார் என்பது என் வாதம்.

நிரலுக்குள்ளேயே எஸ்க்யூஎல்

எட்கர் காட் 1970-இல் ஐபிஎம்மில் இருந்தபடி வெளியிட்ட தொடர்புசார் மாதிரி, தரவை வரிசைகளாகவும் நெடுவரிசைகளாகவும் பார்த்தது. ஜாவா போன்ற மொழிகள் தரவை ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்ட்களாகப் பார்க்கின்றன. இந்த இரண்டையும் இணைக்க ஜாவா முதலில் தந்த வழி ஜேடிபிசி. 1997-இல் வந்த ஜேடிகே 1.1 பதிப்பில் அது சேர்ந்தது. நிரலாளர் எஸ்க்யூஎல் வாக்கியத்தைச் சரமாக எழுதி, வரும் முடிவிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையையும் பெயர் சொல்லியோ எண் சொல்லியோ எடுத்து, ஆப்ஜெக்டில் நிரப்ப வேண்டும்.

இந்த முறையில் மேப்பிங் என்று தனியாக ஒன்று கிடையாது. அது நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நெடுவரிசையின் பெயர் மாறினால் பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், அந்த வரி ஓடும் நாள்வரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் இந்தக் காலத்துக்கு ஒரு நன்மையைச் சொல்லியே ஆக வேண்டும். பிழை வந்த வரியும் தவறு இருந்த வரியும் ஒன்றாகவே இருந்தன. பிறகு வந்த எந்த ஏற்பாட்டிலும் அந்த நெருக்கம் முழுமையாகத் திரும்பவில்லை.

கனடாவின் ஒட்டாவாவில் இயங்கிய தி ஆப்ஜெக்ட் பீப்பிள் நிறுவனம் முதலில் ஸ்மால்டாக் மொழிக்கும் பிறகு ஜாவாவுக்கும் உருவாக்கிய டாப்லிங்க், இந்தச் சிதறலைத் தொகுத்து மேப்பிங்கைத் தனி விவரணையாக்கியது. 2002-இல் அது ஆரக்கிள் வசம் போனது. பெரும்பான்மை ஜாவா உலகம் அப்போது வேறு பாதையில் நடந்துகொண்டிருந்தது.

என்டிட்டி பீன்களின் காலம்

எண்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், சுருக்கமாக ஈஜேபி, 1.0 விவரக்குறிப்பு 1998-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 1.1 என்டிட்டி பீன்களைக் கட்டாயமாக்கி, விவரணைக் கோப்பை எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றியது. 2001-இன் ஈஜேபி 2.0-இல், நிரலாளர் அப்ஸ்ட்ராக்ட் கெட்டர், செட்டர்களை மட்டும் எழுதினார். அவற்றை நிறைவுசெய்யும் கிளாஸை, பீன்களை இயக்கும் அப்ளிகேஷன் சர்வரின் கன்டெய்னரே உருவாக்கியது. எந்தப் புலங்கள் சேமிக்கப்படுகின்றன என்பதை ஒரு பொதுவான எக்ஸ்எம்எல் கோப்பு சொன்னது. ஆனால் அந்தப் புலம் எந்த டேபிளின் எந்த நெடுவரிசை என்பதை விவரக்குறிப்பு வரையறுக்கவில்லை. அதை ஒவ்வொரு விற்பனையாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள்: ஜேபாஸுக்கு ஒரு கோப்பு, வெப்லாஜிக்குக்கு வேறொரு கோப்பு.

ஆக, ஒரே புலத்தின் பெயர் மூன்று இடங்களில் எழுதப்பட்டது. ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால் கம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லாது. டிப்ளாய் செய்யும்போதுதான் பிழை வரும். மேப்பிங் பிழையை, அந்த மேப்பிங் பயன்படும் தருணத்திலிருந்து பிரித்து, முன்கூட்டியே சரிபார்க்கும் பழக்கம் இங்கேதான் வேரூன்றியது. அந்தச் சரிபார்ப்பு தந்த செய்திகளோ, கன்டெய்னர் தானே உருவாக்கிய கிளாஸ்களின் பெயர்களைச் சொல்லின. நிரலாளர் எழுதிய கோப்பைக் காட்டவில்லை.

ஹைபர்னேட் செய்ததும் விட்டதும்

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கேவின் கிங் 2001-இல் ஹைபர்னேட்டைத் தொடங்கியது இந்தச் சுமைக்கு மாற்றாகத்தான். கிளாஸ் சாதாரண ஜாவா கிளாஸாகவே இருக்கலாம். அதன் பக்கத்தில் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. எந்த அப்ளிகேஷன் சர்வரும் தேவையில்லை. 2003-இல் ஜேபாஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது.

சாதாரண கிளாஸ் என்றாலும் ஒரு நிபந்தனை இருந்தது: அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும். ஹைபர்னேட் ரிஃப்ளெக்ஷன் வழியாக முதலில் வெற்று ஆப்ஜெக்டை உருவாக்கி, பிறகே அதை நிரப்புகிறது. இதை மறந்தவருக்குப் பிழை வரும் நேரம்தான் குழப்பம். சேமிப்பது சிக்கலில்லாமல் நடக்கும், ஏனென்றால் அப்போது ஆப்ஜெக்டை உருவாக்கியவர் நிரலாளர். அதே வரிசையைப் பிறகு படிக்கும்போதுதான், என்டிட்டிக்கு இயல்பான கன்ஸ்ட்ரக்டர் இல்லை என்ற செய்தி வரும்.

தெரியாத என்டிட்டி என்ற செய்தியின் குடும்பமும் இங்கேதான் தொடங்குகிறது. எந்தெந்த மேப்பிங் கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று முதன்மை அமைப்புக் கோப்பில் ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்க்கத் தவறிய கிளாஸ் ஹைபர்னேட்டின் கண்ணில் படாது. பிற்காலத்தில் பட்டியல் போய் பேக்கேஜ்களை வருடித் தேடும் முறை வந்தது. இன்று ஸ்பிரிங் பூட்டில், முதன்மைக் கிளாஸ் இருக்கும் பேக்கேஜுக்கு வெளியே என்டிட்டியை வைத்தவருக்கு, இது நிர்வகிக்கப்படும் வகை அல்ல என்ற செய்தி வருகிறது. வாசகம் வேறு, காரணம் அன்றைய விடுபட்ட பட்டியல் வரியேதான்.

அனோட்டேஷன்: ஒரு பிழையை அருகில் பார்த்தால்

2004-இல் ஜாவா 5 அனோட்டேஷன்களைக் கொண்டுவந்தது. 2006 மே மாதம் நிறைவுற்ற ஜேஎஸ்ஆர் 220, ஹைபர்னேட், டாப்லிங்க் ஆகியவற்றின் அனுபவத்தைத் தொகுத்து, மேப்பிங்குக்கான பொது விவரக்குறிப்பான ஜேபிஏ 1.0-ஐத் தந்தது. மேப்பிங் கிளாஸுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. சொல்லாமல் விட்டதற்கெல்லாம் இயல்பு விதி உண்டு என்பது அதன் அடிப்படைக் கொள்கை. எழுத வேண்டியது குறைந்தது. ஊகிக்க வேண்டியது கூடியது.

ஆர்டர் என்ற என்டிட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் ஐடி அனோட்டேஷன் புலத்தின் மேல் இருக்கிறது. ஐட்டங்களின் லிஸ்டுக்கு உரிய ஒன்-டு-மெனி அனோட்டேஷனை மட்டும், வேறொருவர் கெட்டர் மெத்தடின் மேல் எழுதியிருக்கிறார். கம்பைல் ஆகிறது. சர்வரைத் தொடங்கினால், யூட்டில் பேக்கேஜின் லிஸ்ட் என்ற வகையைத் தீர்மானிக்க முடியவில்லை என்கிறது ஹைபர்னேட். நிரலாளர் அனோட்டேஷனை மறுபடி மறுபடி பார்க்கிறார். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது.

தவறு அனோட்டேஷனில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஐடி எங்கே இருக்கிறதோ அதை வைத்தே, புலங்களைப் படிப்பதா, கெட்டர்களைப் படிப்பதா என்று ஹைபர்னேட் முடிவுசெய்கிறது. புலம் என்று முடிவானதும் கெட்டர் மேல் இருக்கும் எதையும் பார்ப்பதில்லை. அதன் பார்வையில் ஐட்டங்களின் லிஸ்ட் எந்த அனோட்டேஷனும் இல்லாத வெறும் புலம். அனோட்டேஷன் இல்லாத புலம் ஒரே நெடுவரிசையில் அடங்கும் எளிய மதிப்பு என்பது இயல்பு விதி. லிஸ்டை ஒரு நெடுவரிசையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் அது நின்றுவிடுகிறது. ஹைபர்னேட் 6-இல் வாசகம் மாறி, உரிய ஜேடிபிசி வகையைத் தீர்மானிக்க முடியவில்லை என்று வரும்; அடியில் இருப்பது இதே கதைதான்.

கெட்டர் வழி, புல வழி என்ற இந்த இரட்டை, ஈஜேபி 2-இன் அப்ஸ்ட்ராக்ட் கெட்டர்களும் ஹைபர்னேட் எக்ஸ்எம்எல்லின் கெட்டர் இயல்பும் விட்டுச்சென்ற சொத்து. 2009-இல் வந்த ஜேபிஏ 2.0, எந்த வழி என்பதை வெளிப்படையாகச் சொல்ல ஓர் அனோட்டேஷனைச் சேர்த்தது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்திருக்கும்.

எழுதிய பெயரும் மாறும்

இயல்பு விதிகளில் அதிகம் அலைக்கழிப்பது பெயரிடும் விதி. 2015-இல் வந்த ஹைபர்னேட் 5 இதை இரண்டு படிகளாகப் பிரித்தது. நிரலாளர் பெயர் தராதபோது ஒன்றை ஊகிப்பது முதல் படி. தந்ததோ ஊகித்ததோ, அந்தப் பெயரைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றுவது இரண்டாம் படி. ஸ்பிரிங் பூட் இரண்டாம் படியில் தன் சொந்த விதியை வைத்தது: நடுவில் பெரிய எழுத்து வந்தால் அதற்கு முன் அடிக்கோடு இட்டு, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும்.

பழைய டேபிள் ஒன்றில் நெடுவரிசைப் பெயர் பெரிய எழுத்து கலந்து இருக்கிறது. நிரலாளர் நெடுவரிசைக்குரிய அனோட்டேஷனில் அதே பெயரைத் துல்லியமாக எழுதுகிறார். ஆனாலும் போகும் எஸ்க்யூஎல்லில் அடிக்கோடு வந்துவிடுகிறது. அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்கிறது தரவுத்தளம். கையால் எழுதிய பெயரும் இரண்டாம் படியைத் தாண்டித்தான் போகிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எஸ்க்யூஎல் பதிவை இயக்கி, உண்மையில் அனுப்பப்படும் வாக்கியத்தைப் பார்ப்பதைவிட விரைவான வழி இதற்கு இல்லை. போஸ்ட்கிரெஸ் மேற்கோள் இல்லாத பெயர்களைச் சிறிய எழுத்தாக்குவதும், ஆரக்கிள் பெரிய எழுத்தாக்குவதும் இதன் மேல் இன்னொரு அடுக்கு.

ஒரே பெயர், இரண்டு பேக்கேஜ்

ஹைபர்னேட் 3 காலத்தில், ஜேபிஏவின் என்டிட்டி அனோட்டேஷனோடு கூட, ஹைபர்னேட்டுக்கே உரிய இன்னொரு என்டிட்டி அனோட்டேஷனும் இருந்தது. அது கூடுதல் விவரம் சொல்ல வந்த துணை. தனியாக நின்று கிளாஸை என்டிட்டி ஆக்காது. எடிட்டர் தானாக இம்போர்ட் செய்யும்போது தவறானதைத் தேர்ந்தால் நிரல் கம்பைல் ஆகும், ஓடும்போது தெரியாத என்டிட்டி என்று வரும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்க, மாவட்டத்தை மாற்றி எழுதிய கடிதம் போலத்தான். பின்னர் அந்தத் துணை அனோட்டேஷன் கைவிடப்பட்டு நீக்கப்பட்டது.

அதே பிழை, அளவில் பன்மடங்கு பெரிதாக, பத்தாண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தது. ஆரக்கிள் 2017-இல் ஜாவா இஇயை எக்ளிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியைத் தொடர்ந்து மாற்றி வளர்க்கும் உரிமையில் உடன்பாடு எட்டப்படவில்லை என்பது 2019 மே மாதம் அறிவிக்கப்பட்டது. ஜாவா இஇயின் தொடர்ச்சியாக 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9, ஜேபிஏ உட்பட எல்லாவற்றையும் ஜகார்த்தா பெயர்வெளிக்கு மாற்றியது. 2022 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3.0 அதை ஏற்றபோதுதான் பெருவாரியான நிறுவனங்களின் நிரலில் அதன் தாக்கம் தெரிந்தது.

பழைய ஜாவாக்ஸ் ஜார் ஏதோ ஒரு சார்பு நூலகத்தின் வழியாக கிளாஸ்பாத்தில் தங்கியிருந்தால், பழைய இம்போர்ட் இப்போதும் கம்பைல் ஆகும். புதிய ஹைபர்னேட் ஜகார்த்தா அனோட்டேஷனை மட்டுமே தேடுகிறது. என்டிட்டி அதன் கண்ணுக்கு வெறும் கிளாஸ். ஆகவே, தெரியாத வகை என்ற செய்தி வந்தால் கிளாஸின் உடலைத் துருவும் முன் இம்போர்ட் வரிகளையும், பில்ட் கருவி காட்டும் சார்பு மரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சட்டப் பேச்சுவார்த்தையின் முறிவு, அதைக் கேள்விப்படாத நிரலாளர்களின் திரைகளில் மேப்பிங் பிழையாக வந்து நின்றது. தொழில்நுட்பத்தை மட்டும் பார்க்கும் வரலாற்றால் இதை விளக்க முடியாது.

பேசாத பிழைகள்

இதுவரை சொன்னவை குரல் எழுப்பும் பிழைகள். எனக்கு அதிகக் கவலை தருபவை மற்றவை. ஈஜேபி 2.0-இல் உறவின் ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தை கன்டெய்னரே சரிசெய்தது. ஹைபர்னேட்டும் ஜேபிஏவும் அந்தப் பொறுப்பை நிரலாளரிடம் விட்டன: மேப்டுபை என்று குறித்த பக்கம் வெறும் பிரதிபலிப்பு, ஃபாரின் கீயை எழுதுவது எதிர்ப்பக்கம் மட்டுமே. ஆர்டரின் லிஸ்டில் ஐட்டத்தைச் சேர்த்து, ஐட்டத்தில் ஆர்டரைக் குறிக்க மறந்தால், காஸ்கேட் இருக்கும்போது ஐட்டம் சேமிக்கப்படும். அதன் ஃபாரின் கீ நல் ஆகவே இருக்கும். அதே செஷனில் லிஸ்டைக் கேட்டால், நினைவகத்தில் இருப்பதால் ஐட்டம் தெரியும். அப்படி எழுதிய சோதனையும் பாஸ் ஆகும். மறுநாள் வாடிக்கையாளர் வெற்று ஆர்டரைப் பார்ப்பார். அந்த நெடுவரிசைக்கு நாட் நல் கட்டுப்பாடு போட்டிருந்தால் தரவுத்தளமே உடனே மறுத்திருக்கும்.

பெயரிட்ட மாறிலிகளின் பட்டியலான ஈனத்தின் மதிப்புகளை வரிசை எண்ணாகச் சேமிக்கும் ஜேபிஏவின் இயல்பு விதியும் இப்படித்தான். நடுவில் ஒரு புதிய மதிப்பைச் செருகிய அன்றே பழைய தரவின் பொருள் மாறிவிடும். எந்த எக்ஸெப்ஷனும் வராது.

பிழையை இன்னும் முன்னே நகர்த்தும் முயற்சிகள் நடக்கின்றன. ஜேபிஏ 2.0-இன் மெட்டாமாடல் பண்புப் பெயர்களைக் கம்பைலரின் பார்வைக்குக் கொண்டுவந்தது. ஹைபர்னேட்டின் அனோட்டேஷன் ப்ராசசர், 2024-இல் வந்த ஜகார்த்தா டேட்டா 1.0 ஆகியவற்றின் வழியாக இப்போது வினவல் சரங்களையும் கம்பைல் நேரத்திலேயே சோதிக்க முடிகிறது. ஆனால் கம்பைலர் பார்ப்பது கிளாஸை மட்டும். உற்பத்திச் சூழலில் இருக்கும் டேபிளை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியை அடைக்க இன்று கையில் இருப்பது ஹைபர்னேட்டின் ஸ்கீமா சரிபார்ப்பு. உற்பத்தி ஸ்கீமாவின் நகல் மீது, அதே வகைத் தரவுத்தளத்தில், ஒவ்வொரு பில்டிலும் அதை ஓட்டினால், விடுபட்ட நெடுவரிசையும் பொருந்தாத வகையும் சர்வர் தொடங்கும்போதே அகப்படும். நல் ஆன ஃபாரின் கீயையும் இடம் மாறிய ஈனத்தையும் அது பிடிக்காது; அவற்றுக்கு, சேமித்துவிட்டு புதிய செஷனில் மீண்டும் படித்துப் பார்க்கும் சோதனையும், டேபிளிலேயே எழுதிய கட்டுப்பாடுகளும் தனியே வேண்டும்.