மீசை அரும்பும் வயதினரும் ஊர் நூலகமும்

வாழப்பாடிப் பேரூராட்சியில் வீட்டு வரி செலுத்துகிறவர் ஒவ்வொருவரும், தாம் ஒரு நாளும் நூலகப் படி ஏறாதவராயினும், எழுத்து வாசனையே அறியாதவராயினும், ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே செலுத்தி வருகிறார். முதலில் ஏறத்தாழ மூன்று காசாக இருந்து, பின்னர் ஐந்தாகிப் பத்தாக உயர்ந்த இந்தச் சிறு வரியின் விருத்தாந்தத்தை அறிந்தவர் ஊரில் மிகச் சிலரே இருப்பர். வசிஷ்ட நதிக்கரைப் பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையோரத்து ஊர்களில், பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் புத்தகத்தை எங்கே, எவ்வாறு கண்டுகொண்டனர் என்னும் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்த வரியிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதனே அந்த வரிக்கு வித்திட்டவர். அவர் பயிற்சி பெறுவதற்காக லண்டன் சென்றபோது, தம் ஆசிரியர்களுள் ஒருவரான பெர்விக் சேயர்ஸ் தலைமை நூலகராயிருந்த குராய்டன் நகர நூலகத்தையும், அங்கே குழந்தைகளுக்கென நிகழ்ந்த பணிகளையும் கண்டு, ஒரு நூலகம் பொதுமக்களின் வாழ்வில் எத்தனை ஆழமாக இறங்க முடியும் என்பதை உணர்ந்து திரும்பினார். 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் முன்வைத்த மாதிரி நூலக மசோதா, 1933-இல் பஷீர் அகமது சையது என்பவரால் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை. இடையில் 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்ற பிரயாசையும் நடந்தது. கடைசியில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டமாகச் சென்னை மாகாணத்தில் உருவாகி, 1950-இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வரியையும் நிர்வாகத்தையும் பற்றியது. வாசகனின் வயதைப் பற்றி அது பேசவில்லை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர நூலகத்தார் 1925-ஆம் ஆண்டிலேயே இளைஞர்களுக்கென எழுத்தாளர் ஸ்டீவன்சனின் பெயரால் தனி அறையொன்றை ஒதுக்கியிருந்தனர். நம் கிளை நூலகங்களிலோ, முன்கூடத்து நீண்ட மேசையில் ஓய்வுபெற்றவர்களும் வியாபாரிகளும் செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு அமர்ந்திருக்க, மறுபுறம் படப் புத்தகங்களோடு ஒரு சிறுவர் பகுதி இருக்க, இரண்டுக்கும் நடுவே நின்ற பதினைந்து வயதுப் பையனுக்கு இருக்கை எது என்பதைப் பல காலம் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் படப் புத்தகத்தை எடுத்தால் கேலிக்குரியவன். நாவலை எடுத்தாலோ கெட்டுப்போகிறவன்.

ஆதலின் அவன் வேறிடம் போனான். போன இடம் படிப்பகம்.

1944 ஆகஸ்டு மாதத்தில் நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்ட மாநாடு கூடியது இதே சேலத்தில்தான் என்பதையும், 1949-இல் அதிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகம் பிரிந்ததையும் அரசியல் வரலாறாக மட்டுமே நாம் படித்து வருகிறோம். வாசிப்பின் வரலாற்றில் அவற்றுக்குரிய ஸ்தானத்தை நம் நூலகத் துறையார் இன்னும் அளித்தாரில்லை. கீற்றுக் கொட்டகையொன்று, இரண்டு விசுப்பலகை, சுவரில் தலைவர்களின் படம், கயிற்றில் தொங்கும் ‘விடுதலை’, ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ என இவ்வளவே மூலதனமாகக் கொண்டு தேநீர்க் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் பக்கத்தில் இக்கழகத்தார் எழுப்பிய அந்தப் படிப்பகங்களில், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிக்க, தெரியாத பத்துப் பேர் கேட்டிருந்தனர். உரக்கப் படித்தவன் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளை. தன்னினும் மூத்தவர்கள் தன் வாயைப் பார்த்திருக்கும் பெருமிதத்தை அவன் வேறெங்கும் பெற்றிருக்க மாட்டான். காங்கிரஸாருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இத்தகைய மனைகள் உண்டெனினும், பேச்சுப் போட்டி, நாடகம், கையெழுத்துப் பத்திரிகை என்று வாலிபரை ஓயாது ஈடுபடுத்தி வைத்ததில் கழகத்தாரை மிஞ்சினோர் இல்லை என்றே கூறவேண்டும்.

இதனோடு சினிமாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்துக்கொண்டிருந்த அக்காலத்தில், கொட்டகை வாசலில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகமும், பின்னர் வந்த வசனப் புத்தகமும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்கு அப்பாற்பட்ட முதல் நூல்களாயின. 1952-இல் ‘பராசக்தி’ வெளியான பின், அதன் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்த பையன்கள் இல்லாத ஊரே இல்லை. பண்டிதர்கள் முகம் சுளித்தனர். ஆனால் நீண்ட வாக்கியத்தை மூச்சுக் கெடாமல் சொல்லி முடிக்கும் பயிற்சியைப் பள்ளிக்கூடத்துச் செய்யுள் பகுதியால் அவ்வளவு பேருக்கு அளிக்க முடிந்ததா என்று அவர்களைக் கேட்கலாம். நூலகத்தில் வேண்டப்பட்டது மௌனம். படிப்பகத்தில் வேண்டப்பட்டது குரல். குரல் உடையும் வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்திருப்பான்?

அரசு நூலகமும் சும்மா இருந்துவிடவில்லை. காமராஜர் ஆட்சியில் கல்வித் துறையின் தலைமைப் பொறுப்போடு நூலகப் பொறுப்பையும் சேர்த்து வகித்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிகளைப் பெருக்கியதோடு கிளை நூலகங்களையும் பெருக்கினார். நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக வைத்து, ஞாயிற்றுக்கிழமையில் திறந்து வைக்கும் வழக்கம் மாணவருக்குப் பேருபகாரமாயிற்று. பள்ளியும் இல்லாத, பாக்கு உரிக்கிற வேலையும் ஓய்ந்த ஞாயிறு மாலையே அவனுக்கு வாய்த்த அவகாசம். பெரியசாமித் தூரன் ஆசிரியராயிருந்து 1954 முதல் வெளியான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் இரவலாகத் தரப்படாததால், அதைப் பார்க்க விரும்புகிறவன் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. ஆர்வி ஆசிரியராயிருந்த ‘கண்ணன்’ பத்திரிகை 1950 முதல், சிறுவனாகவும் இல்லாமல் ஆடவனாகவும் ஆகாமல் நின்ற அந்த வயதையே குறிவைத்து வந்தது. படக்கதைப் புத்தகங்களோ, 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய பின்னும், நூலக அலமாரியில் ஏறாமல் பாடப் புத்தகத்தின் நடுவே ஒளிந்தே பிரயாணம் செய்தன.

அதே 1972-ஆம் ஆண்டில் பொது நூலகத் துறை தனித் துறையாகி, நூலகவியல் கற்ற வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1968 முதல், நவம்பர் 14-ஆம் நாள் தொடங்கும் தேசிய நூலக வாரம் நாடெங்கும் கொண்டாடப்பட்டு வந்தது. கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்று நூலகக் கூடத்தில் மாணவர் கூட்டம் நிறையும் வாரம் அது. பரிசாக எவர்சில்வர் டம்ளரும் திருக்குறள் உரையும் மாறி மாறி அளிக்கப்படுவது எழுதாச் சட்டம். இவ்வாறு ஒரே வீட்டில் மூன்று திருக்குறள் உரைகள் சேர்ந்தும், நான்காவதாக ஒரு கதைப் புத்தகம் அளிக்க அமைப்பாளர்க்கு மனம் வருவதில்லை. எனினும் இவ்விழாக்களை நடத்திய வாசகர் வட்டங்களும், ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலர் ஆனவர்களும் இல்லையெனில், கிளை நூலகம் என்பது இரவல் கொடுக்கும் கிடங்காகவே நின்றிருக்கும். குறை என்னவெனில், அந்த ஒரு வாரம் கழிந்ததும் கூடம் மறுபடி செய்தித்தாள் வாசகருக்கே உரியதாகிவிடும்.

இதுவரை பையன்களைப் பற்றியே எழுதி வந்தது தற்செயல் அன்று. படிப்பகத்து விசுப்பலகையில் பெண்பிள்ளைக்கு இடமில்லை. நூலகத்தில் தடையில்லை எனினும் வழக்கமும் இல்லை. வயதுக்கு வந்த பெண்ணைச் சாயங்கால வேளையில் நான்கு பேர் அமர்ந்திருக்கும் பொது இடத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதால், லட்சுமியின் நாவலும் ராஜம் கிருஷ்ணனின் நாவலும் அண்ணனின் உறுப்பினர் அட்டையின் பேரில்தான் வீட்டுக்குள் சென்றன. அட்டை ஒருவருடையது, வாசிப்பு மற்றொருவருடையது. நூலகக் கணக்கில் ஏறாத அந்த வாசகியரை எண்ணாமல் எழுதப்படும் எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் முழுவதும் நம்புவதில்லை.

2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் சிறு நூலகம் எழுந்தது நல்ல எண்ணத்தோடுதான். பூட்டிய கதவோடு அவற்றுட் பல நிற்பதைக் காண்போர்க்குக் கட்டடம் வேறு, நடத்துகிறவர் வேறு என்பது விளங்கும். அண்மையில் வந்த நூலக நண்பர்கள் திட்டம், நூலகத்துக்கு வர இயலாதவர்களின் இல்லங்களுக்கே தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுசெல்ல வழிசெய்கிறது. மன்னார்குடி மாட்டு வண்டியின் தூரத்து உறவென்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் கிளை நூலகங்களின் கூடத்தை இப்போது நிறைப்பது போட்டித் தேர்வு. பொது அறிவுத் தொகுப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் பரப்பிக்கொண்டு காலைமுதல் அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டு, இது வாசிப்பே அன்று, உத்தியோகத்துக்கான உழைப்பு என்று இலக்கிய அன்பர்கள் வருந்துகின்றனர்; அந்த வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்று விதி இருப்பதால், அண்ணனின் அட்டையில் நாவல் படித்தவளின் பேத்தி இன்று தன் பெயரிலேயே அட்டை பெற்று, தன் கையெழுத்தை வருகைப் பதிவேட்டில் இட்டு, அந்த நீண்ட மேசையிலேயே அமர்கிறாள். அனுப்பத் தயங்கிய வீட்டாரே அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகின்றனர்.