புகைக்கரி (கார்)

கார் எஞ்சினில் எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகி, சைலன்சர் குழாயின் வாயில் கறுப்பாகப் படியும் நுண்ணிய கார்பன் துகள்களே புகைக்கரி.

பெட்ரோல் கார்: ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தாலும் எரிபொருள் மிகுந்தாலும் கரி பிடிக்கும். தூசி அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர், பழுதான ஆக்சிஜன் சென்சார் ஆகியவை முக்கியக் காரணங்கள். எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் குறுந்தூர ஓட்டமும் கரியைக் கூட்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் ஓரளவு கரி இயல்பானது.

டீசல் கார்: டர்போ குழாயில் கசிவு, தேய்ந்த இன்ஜெக்டர், திறந்தபடி சிக்கிக்கொள்ளும் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) ஆகியவற்றால் கரும்புகை வரும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பி.எஸ்.-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கேற்ப, டீசல் கார்களில் துகள் வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரி சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிக்கப்படுகிறது. அத்தகைய காரின் குழாய்வாய் கறுத்திருந்தால் வடிகட்டியில் விரிசல் இருக்கலாம்.

கண்டறிதல்: எஞ்சின் ஆறியபின் குழாய்வாயை விரலால் தடவினால் உலர்ந்த தூளாக ஒட்டுவது எரிபொருள் கரி. பிசுபிசுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயிலும் எரிகிறது என்று கொள்ளலாம். அப்போது பிஸ்டன் ரிங், வால்வு சீல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.