செம்மண் பாதையும் தார்ச் சாலையும்

விடிகாலையில் வேலைக்காட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஜாசின் பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான். தோட்டத்துக்குள் செம்மண் பாதை. வெளியே வந்தால் தார்ச் சாலை. இரண்டுக்கும் ஒரே டயர் ஈடுகொடுக்க வேண்டும். எந்த டயரை வாங்கலாம் என்று கடைக்காரரைக் கேட்கும் முன், அது வந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அந்த வழி நம் மலாக்காவைத் தொட்டுத்தான் போகிறது.

பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், 1839-இல், அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று கண்டார். 1845-இல் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு உரிமை பதிவு செய்தார். உலகம் அதை மறந்துவிட்டது. பிறகு 1888-இல், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மீண்டும் செய்தார்.

அதே 1888-இல்தான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்தார். பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 22 அங்கே 1877-லேயே வந்திருந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, பைத்தியக்கார ரிட்லி என்ற பெயரும் வாங்கிக்கொண்டார். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கருக்குச் சற்று மேலான நிலத்தில் ரப்பர் நட்டார்; இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். இரண்டாண்டுகளில் புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் தொடங்கினார். மரவள்ளி விளைந்த மலாக்கா ரப்பர்க் காடாக மாறியது.

அதன் பின் பரவிய தோட்டங்களில் காடு வெட்டியதும் கன்று நட்டதும் பால் சீவியதும் பெரும்பாலும் நம் முன்னோர்கள். அந்தப் பால் ஷீட்டாகிக் கப்பலேறி, டயராகித் திரும்பி வந்தது. முதலில் அதைத் துரையின் காரில்தான் பார்த்தோம். பிறகு சைக்கிளில் நாமே மிதித்தோம். 1958-இல் ஜப்பானில் ஹோண்டா சூப்பர் கப் வெளிவந்தது. அந்தச் சிறு வண்டியின் 17 அங்குலச் சக்கரங்கள் பின்னாளில் லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தன.

ஆரம்பத்து டயர்கள் மொழுக்கென்று இருந்தன, ஈரத்தில் வழுக்கின. 1908-இல் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனி, 'வழுக்காது' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகளையே டயரின் மேல் மேடாகப் பதித்து விற்றது. வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. மலாய் மொழியில் டயரின் மேல் உள்ள இந்தக் கோலத்துக்குப் பூ என்றே பெயர். நாமும் பூ என்றே சொல்வோம்.

தார்ச் சாலையில் பிடிப்பு வேண்டுமானால் ரப்பர் நிறையப் பட வேண்டும். ஆகவே பூ நெருக்கமாகவும், மழைத் தண்ணீர் ஓட மெல்லிய வாய்க்கால்களோடும் இருக்க வேண்டும். சேற்றில் நிலைமை வேறு. கட்டைகள் உயரமாக, தள்ளித் தள்ளி இருந்தால்தான் மண்ணைக் கவ்வும். இடைவெளி இருந்தால்தான் ஒட்டிய களிமண் சுழற்சியில் உதிரும். நெருக்கமான பூவில் களிமண் அடைந்துவிட்டால் அது மொழுக்கு டயர்தான். அதற்காக உயரக் கட்டை டயரை மாட்டிக்கொண்டு தாரில் ஓடினால், கட்டைகள் நெளியும், இரையும், வளைவில் நழுவும், சீக்கிரம் தேயும். மண்ணுக்கும் தாருக்கும் என்றே 1968-இல் யமஹா டிடி-1 போன்ற வண்டிகள் வந்தன. அவற்றுக்கு ஏற்றது நடுத்தரக் கட்டைப் பூ.

இரண்டிலும் முழுமையான டயர் கிடையாது. அப்படி ஒன்று உண்டென்று சொல்லும் கடைக்காரரை நாம் நம்ப வேண்டியதில்லை. ஒரு வாரம் கணக்குப் பாருங்கள். பத்து மைலில் எட்டு மைல் தார் என்றால், சாலை டயரே போதும். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் மெதுவாகப் போகலாம். பாதி மண் என்றால் நடுத்தரக் கட்டை. பிள்ளையை ஏற்றிச் செல்பவர்கள் முன் டயரில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும்.

சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைப்பவர்கள் உண்டு. டயர் அகலமாகப் பதியும். ஆனால் அதிகம் குறைத்தால் டயர் நழுவி, டியூபின் வால்வு பிய்ந்துவிடும்; கல்லில் மோதினால் டியூப் நசுங்கி ஓட்டையாகும். தாருக்கு வந்ததும் மறுபடி அடித்தாக வேண்டும், இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். அதிகம் சூடேறாமல் இருப்பதிலும் கிழியாமல் நிற்பதிலும் மரத்துப் பால் ரப்பருக்குத் தனிப் பெயர் உண்டு. செயற்கை ரப்பர் வந்தபிறகும் விமான டயருக்கும் கனரக லாரி டயருக்கும் அதைத்தான் மிகுதியாகச் சேர்க்கிறார்கள்.

தார் ஓட்டத்தில் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்துவிடும். ஓரத்தில் பூ இருக்கிறதே என்று ஓட்டுவார்கள். மண் பாதையில் ஒரு மழை பெய்தால் போதும். அந்த டயரைக் கழற்றும்போது பழைய டியூபை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதை வார் வாராக வெட்டித்தான் ஒரு காலத்தில் பால் வாளியைக் கேரியரில் கட்டினோம்.