கார் விசிறியின் கதையும் ஒரு குறிப்பாணையும்

சென்ற மாதம் என்னுடைய 1978 மாடல் அம்பாசிடருக்கு மின்விசிறி பொருத்தினேன். உள்ளே உட்காருபவர்களுக்கு அல்ல, ரேடியேட்டருக்கு. "இத்தனை வருஷம் ஓடின வண்டிக்கு இப்ப என்ன சார் புதுசா?" என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்டார்கள். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை இழுக்கிறது. மற்றதெல்லாம் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதியைத் தண்ணீர் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் பம்பே கிடையாது. சுடுநீர் தானாக மேலே ஏறும், ஆறிய நீர் கீழே இறங்கும், அவ்வளவுதான். ஆனால் காற்றை இழுக்க அதிலும் பெல்ட்டில் சுற்றும் விசிறி இருந்தது. 1911-இல் நம் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார் தொழிலில் இறங்கிய காலத்து ஏற்பாடு இதுதான்.

இந்தப் பெல்ட் விசிறியில் ஒரு கோளாறு உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும். ஆனால் வண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், விசிறி வேண்டியதில்லை. வண்டி நிற்கும்போதுதான் விசிறி தேவை. அப்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் தூங்கி வழியும். இங்கிலாந்தின் குளிரில் இது பெரிய விஷயமில்லை. அங்கே ஓடிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத்தான் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர் என்ற பெயரில் செய்தார்கள். 2014 வரை செய்தார்கள். குளிர்நாட்டுக்காரனைச் சித்திரை வெயிலில் நிற்க வைத்தது போலத்தான்.

கொடைக்கானல் மலை ஏறியவர்களுக்கு இது தெரியும். காட்ரோட்டில் தொடங்கி டம் டம் பாறை, பெருமாள்மலை என்று ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் பானெட்டைத் திறந்து வைத்த ஒரு கார் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். டிக்கியில் தண்ணீர் டின் இல்லாமல் எந்த டிரைவரும் ஏற மாட்டார். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னூறு மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குத்தான் ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்கும் மூடி. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். (டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே இந்த மூடியைச் செய்து அனுப்பியது. நமக்குக் கொஞ்சம் பெருமைதான்.) சூட்டோடு மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர்.

ஆனால் மலையில் கொதித்தால் யாரும் டிரைவரைக் குறை சொல்வதில்லை. ஊருக்குள் கொதித்தால்தான் வம்பு.

1980-களில் ஒரு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்க வரும் நேரம். எங்கள் அதிகாரியின் அம்பாசிடர் கோரிப்பாளையத்தில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. எந்த நிமிடமும் வழி கிடைக்கும் என்று எஞ்சினை அணைக்க விடவில்லை அதிகாரி. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு வழி கிடைத்துக் கிளம்பியதும் தல்லாகுளம் தாண்டுவதற்குள் எஞ்சின் பிடித்துக்கொண்டது. செலவு பெரிசு. தணிக்கையில் கேள்வி வருமே என்று டிரைவர் மேல் 17(அ) விதியில் குறிப்பாணை போட்டார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காத கவனக்குறைவு என்று குற்றச்சாட்டு. வரைவு எழுதியது அந்தப் பிரிவு எழுத்தரான நான்.

அவர் இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தார். காலையில் தண்ணீர் ஊற்றினேன், பெல்ட் புதுசு, நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் விசிறிக் காற்று போதாது, அணைக்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டேன் என்று. கோப்பில் நான் எழுதிய குறிப்பு: "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை." பழுது பார்த்த செலவில் ஒரு பகுதியை அவர் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள்.

அவர் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லாமல் இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளி நாளில் புரட்டிய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பெஜோ 404 காரின் விளம்பரம் வரும். 1960-இல் வந்த அந்தக் காரின் விசிறி, தண்ணீர் சூடானால்தான் காந்தப் பிடிப்பில் இணைந்து சுற்றும், ஆறினால் தானே விலகிக்கொள்ளும். விசிறி எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று யோசித்துச் செய்தது. அதைப் படித்து வியந்தவன்தான் கோப்பில் அந்த ஒரு வரியை எழுதினேன்.

நம் ஊரில் இந்தக் குறையைப் பரவலாகத் தீர்த்தது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்தது. அதன் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரோ முன்னால். பெல்ட் போட்டு விசிறியைச் சுற்ற வசதியில்லை. அதனால் தனி மோட்டார் வைத்த மின்விசிறி. தண்ணீர் சூடேறினால் சுவிட்ச் தானாகப் போடும். எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் விசிறிக்குக் கவலையில்லை. சிக்னலில் நிற்கிற மாருதியிலிருந்து திடீரென்று 'ஙொய்' என்று சத்தம் வருமே, அதுதான்.

என் வண்டிக்கும் தெற்குவாசல் பக்கத்து மெக்கானிக் மாருதி விசிறியைத்தான் வைத்தார். கேட்க எளிதாக இருக்கும். முதலில் அவர் பார்த்தது பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இருக்கும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். அடுத்தது டைனமோ. பழைய டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர் அளவுதான் கொடுக்கும். வண்டி நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது, சிவப்பு விளக்குதான் எரியும். விசிறியோ பத்து ஆம்பியர் போலக் கேட்கும், அதுவும் வண்டி நிற்கும்போதுதான் கேட்கும். ஆகவே டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர். பிறகு ரிலே, ஃபியூஸ், சூட்டுக்கு ஏற்பப் போட்டு அணைக்கும் சுவிட்ச். முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டையும் திரும்ப வைத்தார். அதை எடுத்துவிட்டால் வண்டி சூடாகாது என்பது நம் பட்டறைகளின் பழைய நம்பிக்கை. உண்மையில் ரேடியேட்டர் அடைத்திருந்தால் அது இல்லாமலும் கொதிக்கும். பழைய விசிறியைக் கழற்றி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். மின்விசிறி வழியில் நின்றுபோனால் வேண்டும்.

வேலை முடிந்த மறுநாள் வில்லாபுரம் போய் அந்த டிரைவரை அழைத்துக்கொண்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார். முன்சீட்டில் உட்கார்ந்ததும் கண் முதலில் போனது டெம்பரேச்சர் மீட்டருக்கு. கோரிப்பாளையம் சிக்னலில் நல்ல நெரிசல், உச்சி வெயில். முள் மெல்ல ஏறியது. விசிறி சுற்றத் தொடங்கியது. முள் நின்று, கொஞ்சம் இறங்கியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் எழுதிக் குடுத்த பதில நீங்க படிச்சீங்களா சார்?"

"படிச்சேன் அண்ணே. ஏத்துக்க முடியாதுன்னு கோப்புல எழுதினதும் நான்தான்."

"தெரியும். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார். சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடிக்க, "எடுங்க சார், செகண்டுலயே எடுக்காதீங்க, ஃபர்ஸ்ட் போடுங்க" என்றார்.