பறவை காட்டியவர்

வெப்ப மண்டலக் காட்டில் பறவை காணச் செல்வோர்க்குக் கண்ணைவிடச் செவியே மிகுதியும் துணைபுரியும். மரங்கள் நூறடிக்கு மேலும் ஓங்கி நிற்க, இலைச்செறிவு வானத்தை மறைக்கும். பறவைகளுள் பல உச்சிக் கிளைகளிலேயே உலவுவன. புதியவர் ஒருவர் தனியே சென்றால் பல குரல்களைக் கேட்பார். குரலுக்குரிய பறவையைக் காண்பது அரிது.

ஆகவேதான் இன்று காப்புக் காடுகளில் நடைபெறும் பறவை நடைகளில் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்கின்றார். துடுப்புவால் கரிச்சானின் குரல் கேட்டதும் அவர் கையுயர்த்திக் குழுவினரை நிறுத்துவார். பல இனப் பறவைகள் ஒன்றாய்த் திரண்டு இரைதேடும் கூட்டத்தோடு அக்கரிச்சான் செல்லும் வழக்கமுடையது. கூட்டம் கலைத்தெழுப்பும் பூச்சிகளே அதற்கு இரை. கரிச்சான் கூவினால் வேறு பறவைகளும் அருகிலிருக்கலாம் என்பதை வழிகாட்டி அறிவார். இவ்வறிவு நூலினால் மட்டும் வருவதன்று. காட்டில் நெடுநாள் நடந்து பெறுவது.

இத்தகையோர் நம் பகுதியின் இயற்கை நூல் வரலாற்றில் பெற்ற இடம் யாது? ஆங்கில அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலேசின் பயணங்கள் இதற்கு விடை தருகின்றன.

வாலேசு 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். புக்கிட் தீமாவில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவருடன் தங்கி, குன்றைச் சூழ்ந்த காட்டில் ஏறத்தாழ இரு மாதங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவ்வாண்டு இறுதியில் சரவாக் சென்றார். அங்கே 1855-இல் அலி என்னும் மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்கு அமர்ந்தார்.

சமையலும் பணிவிடையும் அலியின் முதற் கடமைகள். அவரோடு நாளும் பேசிப் பழகி மலாய்மொழியைக் கற்பதும் வாலேசின் நோக்கமாக இருந்தது. இவ்வகையில் அலி தம் தலைவருக்கு மொழியாசிரியரும் ஆனார். விரைவிலேயே அவர் பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பாடம் செய்யவும் கற்றார். பின்னர் வாலேசு வேறு பணியாட்களைச் சேர்த்தபோது, அவர்களுக்குத் தொழில் கற்பித்தவரும் அலியே.

அக்காலத்தில் பறவையை ஆராய்வதென்றால் சுட்டு வீழ்த்துவதுதான். உடலைப் பாடம் செய்து, கிடைத்த இடத்தைக் குறித்து, கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்ப வேண்டும். எட்டாண்டுகளில் வாலேசும் அவருடைய உதவியாளர்களும் திரட்டிய உயிரினப் படிவங்கள் 1,25,660. அவற்றுள் பறவைகள் 8,050. பாலித் தீவிலும், குறுகிய நீரிணைக்கு அப்பாலுள்ள லொம்போக் தீவிலும் பறவையினங்கள் பெரிதும் வேறுபடுவதை வாலேசு 1856-இல் கண்டார். ஆசிய, ஆஸ்திரேலிய உயிரினங்களைப் பிரிக்கும் எல்லையாக இன்று அவர் பெயரால் வழங்கும் கோட்டிற்கு இதுவே தொடக்கம். அப்பயணத்திலும் அலி உடனிருந்தார்.

1858-இல் மொலுக்காஸ் தீவுகளுள் ஒன்றாகிய பச்சானில், அலி வேட்டையிலிருந்து திரும்பியபோது அவர் இடுப்பில் சில பறவைகள் தொங்கின. அவற்றுள் ஒன்று, மார்பில் பச்சை ஒளிரும் இறகுகளும், ஒவ்வொரு சிறகிலும் இரண்டு நீண்ட வெள்ளிறகுகளும் உடையது. முன்னர் எந்த அறிஞரும் அறியாத சொர்க்கப் பறவை அது! 1859-இல் கிரே என்னும் அறிஞர் அதற்கு வாலேசின் பெயரைச் சூட்டினார். கொணர்ந்தவர் அலி, பெயர் பெற்றவர் வாலேசு.

இங்கு வாலேசைக் குறைகூறுதல் முறையன்று. அப்பறவையை அலியே கொணர்ந்தார் என்பதைத் தம் 1869-ஆம் ஆண்டு நூலில் அவர் ஒளியாது எழுதினார். 1862-இல் சிங்கப்பூரில் பிரியும்போது அலிக்குப் பணமும், இரட்டைக்குழல் துப்பாக்கிகளும், வேறு பொருள்களும் அளித்தார். அவரைப் புகைப்படமும் எடுப்பித்தார். 1905-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அப்படத்தையும் சேர்த்தார். வாலேசு எழுதிவைத்ததைப் பின்வந்தோரே படியாது விட்டனர்.

1907-இல் அமெரிக்க விலங்கியலார் தாமஸ் பார்பர் தெர்னாத்தே தீவிற்குச் சென்றார். அங்கே முதியவர் ஒருவர் அவரை அணுகித் தம் பெயர் அலி வாலேசு என்றார். பிரிந்து 45 ஆண்டுகள் கழிந்தும், தாம் உழைத்த பணியின் நினைவைத் தம் பெயரோடு இணைத்து வைத்திருந்தார் அம்முதியவர்.

வாலேசு நடந்த புக்கிட் தீமாக் காடு இன்றும் ஓரளவு நிலைத்துள்ளது. மிளகும் காம்பியரும் பயிரிடுவதற்காகத் தீவின் காடுகள் அழிந்துவருவதை, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் காண்ட்லி தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1883-இல் அக்காடு காப்புக் காடாயிற்று. 1951-இல் இயற்கைக் காப்பகச் சட்டம் அதற்கு மேலும் அரண் செய்தது. இன்று அங்குச் செல்வோர் கையில் துப்பாக்கி இல்லை. இருகண் தொலைநோக்கியே உள்ளது. ஆயினும் முன்னே நடந்து, கேட்டு, காட்டுபவரின் தேவை மாறவில்லை.

வாலேசைப் பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர் அலியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். மாணவர்களைக் காட்டிற்கு அழைத்துச் சென்றால், வழிகாட்டியின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம். பறவையின் பெயரை மட்டும் எழுதும் குறிப்பில் பாதி வரலாறே இருக்கும்.