முப்பது வருடம் கழித்து ஒரு கேள்விக்குப் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் இங்கிலாந்திலிருந்து ஒரு போன். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். அவளுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறார்கள். கால்நடை மருத்துவர் யோசனைப்படி அதன் லாடத்தைக் கழற்றிவிட்டார்களாம். கழற்றி மூன்று வாரம்தான் ஆகிறது. சரளைக் கல் பாதையில் அது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதாம். "நாமதான் கொடுமை பண்றோம், லாடத்தைத் திரும்ப அடிச்சிடலாம்மா" என்று பிள்ளை அழுகிறாளாம்.

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். "டீச்சர், ஞாபகம் இருக்கா? லாடம் வர்றதுக்கு முன்னாடி குதிரை எப்படி டீச்சர் நடந்துச்சுன்னு கிளாஸ்ல கேட்டேன். பாடத்தைக் கவனி, உட்காருன்னு சொன்னீங்க."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உட்காரச் சொன்னதற்குக் காரணம், எனக்குப் பதில் தெரியாது. ஊரில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு வைத்து ஆணி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். லாடம் இல்லாத கால் என்று ஒன்றை யோசித்ததே இல்லை. அன்று தராத பதிலை இப்போது படித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் செனபோன் என்ற படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் லாடம் என்ற பேச்சே இல்லை. குளம்பை எப்படி உறுதியாக்குவது என்றுதான் சொல்கிறார். ஈரமும் வழுவழுப்பும் உள்ள தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும். லாயத்தில் கல் பாவ வேண்டும். வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, குதிரையை அதன்மேல் நிறுத்தித் தேய்த்துவிட வேண்டும். நின்று நின்றே கால் பழகிவிடும் என்பது அவர் கணக்கு.

ஆனால் வெறுங்காலுக்கும் ஓர் எல்லை உண்டு. கி.மு. 326இல் அலெக்சாண்டரின் படை பியாஸ் நதிக்கரையில் இனி வரமாட்டோம் என்று நின்றதை எல்லா வகுப்பிலும் நடத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஓயாத நடையால் குதிரைகளின் குளம்புகள் தேய்ந்து போயிருந்தன என்று டியோடோரஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். குளம்பு வளரும் வேகத்தைவிடத் தேயும் வேகம் அதிகமானால் குதிரை நின்றுவிடும். லாடம் பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

ரோமானியர்கள் குளம்புக்கு அடியில் கட்டும் இரும்புச் செருப்பு ஒன்று வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது கட்டி, பிறகு கழற்றிவிடலாம். ஆணி அடிக்கும் லாடம் ஐரோப்பாவில் பரவலானது பத்தாம் நூற்றாண்டை ஒட்டித்தான். ஈரமான மண், கல் பாவிய தெரு, கனமான சுமை, நாள் முழுக்க லாயத்தில் நிற்கும் வாழ்க்கை எல்லாம் சேர்ந்தபோது அது பெரிய உதவியாக இருந்தது.

நம் பாண்டிய நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை வருடம் முடிவதற்குள் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். இறைச்சியோடு வேகவைத்த சோற்றைத் தீனியாகப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. விற்க வந்த வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவும் விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! குதிரை வந்தது, அதை வளர்க்கும் அறிவு கூடவே வரவில்லை. படிக்கும்போது மனசு கனத்தது.

லாடத்தால் கெடுதலும் உண்டா என்று ஆராய்ந்தவர் பிரேசி கிளார்க் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர். குதிரை ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் குளம்பின் பின்பக்கம் சற்று விரிந்து சுருங்குகிறது. ஆணி அடித்த இரும்பு அதைத் தடுக்கிறது என்று 1809இல் எழுதினார். லாடம் அடித்த ஒரு பெட்டைக்குதிரையின் குளம்பைச் சில ஆண்டுகள் அச்செடுத்து, அது வரவரக் குறுகியதைக் காட்டினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1835இல் அமெரிக்காவில் ஹென்றி பர்டன் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு 60 லாடம் தள்ளியது. அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரைகள் அவற்றை மாட்டிக்கொண்டுதான் ஓடின. அந்த வேகத்தில் காலைப் பற்றிய கேள்வி யார் காதில் விழும்?

1980களில் ஜெய்மி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர், நெவாடா பக்கத்து வறண்ட நிலத்தில் காட்டுக் குதிரைகளின் கால்களைக் கவனித்து 1992இல் புத்தகம் போட்டார். லாடம் இல்லாமலே கல்லிலும் கரடிலும் தினமும் நடந்து அவற்றின் குளம்பு உறுதியாகிறது. அதன்பின் பல நாடுகளில் லாடத்தைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பலர் கழற்றிய அன்றே குதிரையைப் பழையபடி ஓட்டி, அது நொண்டியதும் மறுபடி அடித்துவிட்டார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு அவளுக்குப் போன் செய்தேன். "குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டர்கூட வளராதும்மா. மேலிருந்து வளரும் புதுக்குளம்பு தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். உள்ளங்காலும் மெதுவாகத்தான் தடிக்கும். மூன்று வாரத்தில் தீர்ப்பு எழுதாதே. முதலில் புல்தரை, அப்புறம் சமமான தார்ச்சாலை, கடைசியாகச் சரளை. கல் பாதைக்குக் கழற்றி மாட்டும் குளம்புக் காலணி கிடைக்கிறதாம், போட்டுவிடு. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவர் செதுக்கட்டும். லாயம் ஈரமில்லாமல் இருக்கட்டும். மட்டக்குதிரைக்குச் சர்க்கரை மிகுந்த இளம்புல்லை வயிறுமுட்ட விடாதே, குளம்புக்குள்ளே வீங்கிவிடும். குளம்பு சுட்டாலோ, அடியெடுத்து வைக்க மறுத்தாலோ, பொறுமை என்ற பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடு. சில குதிரைக்குக் கடைசிவரை லாடம் தேவைப்படும். உன் குதிரைக்கும் அப்படியானால் அடித்துவிடு, அது தோல்வி இல்லை."

"கிளாஸ்ல கேட்டதுக்கு இப்பதான் பதில் வந்திருக்கு டீச்சர்" என்றாள். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன்.

நேற்று அந்தக் குழந்தையே பேசினாள். குதிரைக்குக் காலணி வந்துவிட்டதாம், இப்போது புல்தரையில் மட்டும் நடத்துகிறாளாம். குளம்பின் உச்சியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, எத்தனை நாளில் கீழே இறங்குகிறது என்று அளக்கப்போகிறாளாம். பேனா மை அழிந்துவிடும், தேதி போட்டுப் படம் எடுத்து வை கண்ணு என்றேன்.

என் வகுப்பில் கேள்வி கேட்டு உட்கார வைக்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்தக் கேள்வியைக் கீழே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டுத் தேடிப் படிக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்