பின்னால் இன்னொருவர் ஏன் ஏறக்கூடாது?

 

திருவிழாவுக்கு முன்னாடி திடல்ல புல் வெட்ட, மணல் இழுக்க நாங்க ஓட்டுற ஏ.டி.வி. மோட்டாரைப் பார்த்திருப்பீங்க. அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1970-இல் ஹோண்டா நிறுவனம் இதை அமெரிக்காவில் மூன்று சக்கரத்தோடு விற்பனைக்கு விட்டது. பனிக்காலத்தில் மோட்டார் வியாபாரம் படுத்துவிடும், அதை ஈடுகட்ட வந்த விளையாட்டு வண்டி. பலூன் போன்ற டயர், சேற்றிலும் புதையாது. அதனால் விவசாயிகள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் சாமான் ஏற்றும் தாங்கியோடு 'பிக் ரெட்' வந்தது. டிரெய்லர், மருந்து தெளிக்கும் தொட்டி, மண் தள்ளும் பிளேடு எல்லாம் மாட்டினார்கள்.

ஆனால் மூன்று சக்கரம் சுலபமாகக் கவிழ்ந்தது. பலர் இறந்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. அரசாங்கம் வழக்குப் போட, 1988-இல் நிறுவனங்கள் அதன் விற்பனையை நிறுத்தின. நான்கு சக்கரம் நிலைத்தது.

நான்கு சக்கரமும் சரிவில் கவிழும். சீட்டு நீளமா இருக்கிறது இன்னொருவர் உட்கார இல்லை, ஓட்டுறவர் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தி எடையைச் சமன் செய்ய. அதனாலதான் "பிள்ளையை ஒரு ரவுண்டு ஏத்திட்டுப் போங்க"ன்னு கேட்டா நாங்க மறுக்கிறோம். கோவிச்சுக்காதீங்க.